மேலூர் மாதிரி ஊரில் பிள்ளைகளுக்குச் சாயங்கால ஓவிய வகுப்பு நடத்துவது எப்படி

பிள்ளைகளை உட்காரவைத்து "இயற்கைக் காட்சி வரைங்க" என்று சொல்லிப் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் ஒரே படத்தைத்தான் நீட்டுவார்கள். முக்கோணமாக இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், ஒரு ஆறு, ஒரு குடிசை, சாய்ந்த தென்னை. இத்தனைக்கும் மேலூரிலிருந்து மதுரைக்குப் பஸ் ஏறினால் ஒத்தக்கடையில் யானைமலையைப் பார்க்காமல் போகவே முடியாது. அது முக்கோணமாகவா இருக்கிறது? யானை படுத்த மாதிரி நீளமாக, மொழுக்கென்று கிடக்கிற பாறை. பார்த்துப் பழகிய பொருளைப் பார்த்தபடி வரைய வைக்க வேண்டும், அதற்குத்தான் வகுப்பு.

இடத்துக்காக அலைய வேண்டாம். காற்றும் வெளிச்சமும் வருகிற வராண்டா போதும், பாய் விரித்து ஆளுக்கு ஒரு பரீட்சை அட்டை கொடுத்தால் மேசை நாற்காலி தேவையில்லை. மேற்கு வெயில் நேராகத் தாளில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நேரம் ஐந்து மணியிலிருந்து ஆறேகால் வரை சரியாக இருக்கும், ஏனென்றால் அதற்கு அப்புறம் டியூஷன், அதோடு மோதினால் பிள்ளைகள் வரமாட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டுப் பசியோடு வருவார்கள், முதல் பத்து நிமிடம் சுண்டலுக்கு ஒதுக்குங்கள். கதவு எப்போதும் திறந்திருக்கட்டும், பெரியவர் இன்னொருவர் கூடவே இருக்கட்டும், யார் வந்து கூட்டிப்போவார்கள் என்பதை முதல் நாளே எழுதி வாங்கிவிடுங்கள்.

முதல் மாதம் பென்சிலும் வெள்ளைத் தாளும் மட்டும், ரப்பரை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். ரப்பர் கையில் இருந்தால் ஒரே கோட்டை அழித்து அழித்தே நேரம் போய்விடும். வெண்டைக்காய், செருப்பு, தண்ணீர்க் குடம், வாசலில் நிற்கிற டிவிஎஸ் எக்ஸ்எல் என்று எதிரே ஒரு பொருள் இருக்க வேண்டும். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கிக் காட்டினால் ஐந்து அறை தெரியும், சின்னப் பிள்ளைகள் அதை வர்ணத்தில் முக்கி அச்சும் வைக்கலாம். கோலத்தை விட்டுவிடாதீர்கள். ஏழு புள்ளி நான்கு வரை இடுக்குப் புள்ளி வைத்து ஒரு கோலம் போட்டாலே இடைவெளியும் இரண்டு பக்கச் சமமும் கைக்குப் பழகிவிடும், பையன்களையும் போடச் சொல்லுங்கள்.

அடுத்தது வர்ணம். கிரேயான், போஸ்டர் கலர் எல்லாம் வாங்கலாம்தான், ஆனால் ஒரு வாரமாவது வர்ணத்தை அவர்களையே செய்ய விடுங்கள். சலித்த செம்மண்ணில் கொஞ்சம் ஃபெவிகாலும் தண்ணீரும் கலந்தால் அருமையான காவி. அடுப்புக்கரியைப் பொடித்தால் கறுப்பு. மஞ்சள் கரைசலில் துளி சுண்ணாம்பு சேர்த்தால் கண்முன்னே சிவப்பாகும், ஆரத்தி கரைக்கும்போது வீட்டில் பார்த்ததுதான், ஆனாலும் தாளில் நடக்கும்போது வாய் பிளப்பார்கள். செம்பருத்திச் சாற்றில் எலுமிச்சை பிழிந்தாலும் நிறம் மாறும். சுண்ணாம்பைப் பெரியவர்கள்தான் தொட வேண்டும், கண்ணில் பட்டால் ஆபத்து. மஞ்சள் வெயிலில் வெளுத்துவிடும் என்பதால் அந்தப் படங்களைச் சுவரில் மாட்டாமல் ஃபைலில் வையுங்கள்.

சொல்லிக்கொடுப்பவர் பிள்ளையின் தாளில் கை வைக்கக் கூடாது, இதில் நான் கறாராக இருப்பேன். மூக்கு சரியாக வரவில்லை என்று நாம் ஒரு கோடு திருத்திக் கொடுத்தால் அந்தப் படம் நம்முடையதாகிவிடும், அடுத்த முறை பிள்ளை தானே வரையாமல் தாளை நம்மிடம் நீட்டும். காட்டித்தான் ஆக வேண்டுமென்றால் வேறொரு தாளில் காட்டுங்கள். "நல்லா இருக்கு" என்று பொதுவாகச் சொல்வதைவிட "காது ஏன் இவ்வளவு பெரிசு? பக்கத்தில போய்ப் பார்த்துட்டு வா" என்று அனுப்புவது எவ்வளவோ மேல்.

பெற்றோர் வந்து "போட்டியில பரிசு வாங்குவானா, சார்?" என்றுதான் கேட்பார்கள். கோபப்பட வேண்டாம். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தேதி எழுதி, ஆளுக்கு ஒரு ஃபைல் போட்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். முன்னேற்றம் அவர்கள் கண்ணுக்கே தெரியும்.

விடுமுறையில் ஒரு நாள் வெளியே கூட்டிப்போங்கள். திருப்பரங்குன்றம் பக்கம் விளாச்சேரியில் கொலு பொம்மை செய்கிறவர்கள் களிமண்ணைக் கையாளுவதைப் பார்த்துவிட்டு வந்தால், அப்புறம் அய்யனார் கோயில் குதிரையைச் செய்து பார்க்கச் சொல்லலாம் (செய்ததை நிழலில் காயவைக்க வேண்டும், வெயிலில் வைத்தால் வெடித்துவிடும்). 2023-இல் திறந்த கீழடி அருங்காட்சியகமும் நல்ல இடம், அங்கே பானை ஓடுகளில் இருக்கிற கீறல் குறியீடுகளைப் பிள்ளைகள் விடாமல் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் வரையச் சொல்லாதீர்கள், ஆளுக்கு ஒரு பானையைத் தேர்ந்தெடுத்து அதன் முன்னால் அரை மணி நேரம் உட்காரட்டும்.

கட்டணத்தைக் குறைவாகவே வையுங்கள், கட்ட முடியாத வீட்டுப் பிள்ளையிடம் கேட்காதீர்கள், அதை மற்றவர்கள் காதில் விழும்படி பேசவும் வேண்டாம். பரீட்சை மாதங்களில் பாதிப் பேர் வரமாட்டார்கள். வருகிறவர்களை வைத்து வகுப்பை நடத்துங்கள், மற்றவர்கள் லீவு விட்டதும் வந்துவிடுவார்கள்.