டிபிஎஃப் விளக்கு எரிந்தபோது நான் செய்தது

நாமக்கல்லில் போர்வெல் மோட்டார் மாட்டும் வேலை எனக்கு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் அதற்கப்பால் மண்பாதையிலும் பைப், கேபிளோடு ஏறத்தான் இந்த ஃபோர் வீல் டிரைவ் டீசல் வண்டியை வாங்கினேன். ஆனால் மலைக்குப் போவது மாதம் நாலைந்து முறைதான். மற்ற நாளெல்லாம் டவுனுக்குள் மூணு கிலோமீட்டர், நாலு கிலோமீட்டர் ஓட்டம். மூணாவது மாதமே டேஷ்போர்டில் டிபிஎஃப் (டீசல் பார்ட்டிகுலேட் ஃபில்டர்) விளக்கு எரிந்தது.

பிஎஸ்6 மாசு விதிப்படி வந்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி அது. சேர்ந்த கரி எரிய 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். குட்டி ஓட்டத்தில் அது வராது.

கழற்றி எறியச் சொன்னார் ஒருவர். மனசு ஒப்பவில்லை. அந்தக் கரி நம் பிள்ளைகள் மூச்சில்தான் போகும்.

கரி எரியட்டும் என்று வண்டியைக் கரூர் நெடுஞ்சாலையில் ஓட்டினேன். நாலாவது கியர், 2000 ஆர்பிஎம்முக்குக் குறையாமல் அரை மணி நேரம். விளக்கு அணைந்தது. கரி எரியும்போது நடுவில் இன்ஜினை நிறுத்தாதீர்கள். அது அடிக்கடி பாதியில் நின்றால் டீசல் இன்ஜின் ஆயிலில் கலந்து ஆயில் மட்டம் ஏறும். வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) பார்க்கிறேன். ஆயிலும் சாம்பல் குறைந்த ரகம் மட்டுமே.

இப்போது பைப் கொள்முதலைச் சேலத்துக்கு மாற்றிவிட்டேன். வாரம் ஒரு நீண்ட ஓட்டம் கிடைத்துவிடுகிறது.