அறுபதாயிரம் நிரந்தர வேலையா, எண்பதாயிரம் ஒப்பந்த வேலையா? கணக்குப் போட்டு முடிவெடுங்கள்

பிடிக்காத வேலையில் இருக்கும்போது ஓர் ஒப்பந்த வேலை தேடி வந்தால், முதலில் கண்ணில் படுவது மாதத் தொகைதான். அதைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, இப்போதைய வேலையில் எது பிடிக்கவில்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். மேனேஜரா, ராத்திரி ஷிஃப்டா, சம்பளமா, கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லையா? மேனேஜரோ ஷிஃப்டோதான் என்றால், அதே நிறுவனத்தில் வேறு டீமுக்கு மாற்றல் கேட்டுப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள். வேலைப் பளு என்றால் ஒப்பந்தம் மருந்தாகாது. வேலை தேங்கிக் கிடக்கும் இடத்துக்குத்தான் பெரும்பாலும் ஒப்பந்த ஆள் எடுக்கிறார்கள்.

அடுத்தது கணக்கு. மாதத்தை வைத்துப் போடாதீர்கள், ஆண்டை வைத்துப் போடுங்கள். இப்போது மாதம் 60,000, அதில் பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 30,000 என்று வையுங்கள். ஆண்டுக்கு 7,20,000. பேசிக்கில் 12 சதவீதம் நிறுவனம் கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 43,200. ஓர் ஆண்டுக்கான கிராஜுவிட்டி (விலகும்போது கிடைக்கும் பணிக்கொடை), 30,000-ஐ 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்தால், சுமார் 17,300. இப்போது நிறுவனம் தரும் குடும்ப மருத்துவக் காப்பீட்டை நீங்களே எடுத்தால் ஆகும் பிரீமியம் 25,000 என்று கொள்வோம். மொத்தம் சுமார் 8,05,500.

ஒப்பந்தம் மாதம் 80,000, பி.எஃப். இல்லை, லீவு போட்டால் சம்பளம் இல்லை. ஆண்டு முழுக்க வேலை இருந்தால் 9,60,000. காய்ச்சல், கல்யாணம், திருவிழா என்று 15 நாள் லீவு போனால், மாதத்துக்கு 22 வேலை நாள் கணக்கில் சுமார் 54,500 குறையும். மீதி 9,05,500. லாபம் ஒரு லட்சம்தான். அந்த ஒரு லட்சத்தை ஐந்தரை வார இடைவெளி தின்றுவிடும். ஒரு ஒப்பந்தம் முடிந்து அடுத்தது கிடைக்க இரண்டு மாதம் ஆனால், எண்பதாயிரம் அறுபதாயிரத்தைவிடக் குறைந்த சம்பளம். உங்கள் எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். இரண்டு மாத இடைவெளியையும் கழித்த பிறகு லாபம் நின்றால்தான் பணத்துக்காக மாறலாம்.

‘யாருடைய பேரோல் (சம்பளப் பட்டியல்)?’ என்று கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். நிறுவனமே நேரடியாகக் குறிப்பிட்ட காலத்துக்கு வேலைக்கு எடுத்தால், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி ஓர் ஆண்டு முடித்தாலே கிராஜுவிட்டி உரிமை உண்டு. ஏஜென்சி பேரோலில் போனால் இந்தச் சலுகை தானாக வந்துவிடும் என்று எண்ண வேண்டாம், பி.எஃப். கட்டுவார்களா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பில் போட்டு வாங்கும் கன்சல்டன்ட் என்றால் நீங்கள் ஊழியரே அல்ல. பி.எஃப். கிடையாது, வரியைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள், ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவும் வேண்டும்.

ஒப்பந்தத் தாளில் விரல் வைத்துப் படிக்க வேண்டியது வெளியேறும் விதி. ‘பன்னிரண்டு மாத ஒப்பந்தம்’ என்று முதல் பக்கத்தில் இருக்கும். நாலாம் பக்கத்தில் ‘கிளையன்ட் தேவை முடிந்தால் ஏழு நாள் நோட்டீஸில் நிறுத்தலாம்’ என்று இருந்தால் அது ஒரு வார ஒப்பந்தம்தான். நீங்கள் விலக 30 நாள், அவர்கள் நிறுத்த 7 நாள் என்று இருந்தால் இரண்டையும் 30 ஆக்கக் கேளுங்கள். ‘பிறகு நிரந்தரம் ஆக்குவோம்’ என்று வாயால் சொன்னதற்கு மதிப்புப் போடாதீர்கள். இதற்கு முன் அந்த டீமில் எத்தனை பேரை நிரந்தரம் ஆக்கினார்கள் என்று, அங்கே வேலை பார்ப்பவரிடமே விசாரியுங்கள்.

தேதியும் பணம்தான். நாலே கால் ஆண்டு முடித்தவர் இன்று விலகினால், நிரந்தர ஊழியருக்கு ஐந்தாண்டு சேவை வேண்டும் என்ற கணக்குப்படி கிராஜுவிட்டி பூஜ்யம். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மேலே சொன்ன பேசிக்குக்கு ஐந்தாண்டு கிராஜுவிட்டி சுமார் 86,500 ரூபாய். ஆனால் முழு ஐந்தாண்டு கேட்டு இழுத்தடிக்கும் நிறுவனங்களும் உண்டு. எச்.ஆரிடம் ஈமெயிலில் உறுதி வாங்கிவிட்டுத் தேதி குறியுங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள், 26 வார மகப்பேறு விடுப்பு கிடைக்க, எதிர்பார்க்கும் பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் அதே இடத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பதையும் கணக்கில் வைக்கவும்.

நிறுவனம் எடுத்துத் தரும் குரூப் காப்பீடு பொதுவாகக் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். புதிதாக எடுக்கும் பாலிசியில் விபத்து தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் காத்திருக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் போல ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டு வரை ஆகலாம். ஆகவே விலகுவதற்கு முன்பே, அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். வீட்டில் வயதான அம்மா அப்பா இருந்தால் முதலில் முடிக்க வேண்டிய வேலை இதுதான்.

கையில் ஆறு மாதச் செலவு, இ.எம்.ஐ. உட்பட, தனியாக இருக்க வேண்டும். வேலை உடம்பைக் கெடுக்கிறது, நாலு பேர் முன் அவமானப்படுத்துகிறார்கள் என்றால், கணக்கு நஷ்டம் காட்டினாலும் வெளியே வாருங்கள். அப்போதும் இந்த ஆறு மாதப் பணத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இரண்டு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், அதில் சேரும் தேதி, இவை கைக்கு வந்த பிறகே ராஜினாமா. 90 நாள் நோட்டீஸ் உள்ளவருக்குக் கிளையன்ட் காத்திருக்காமல் போவது சகஜம். பாதி நோட்டீஸைப் பணம் கட்டி முடிக்க முடியுமா, அது பேசிக்கிலா மொத்தச் சம்பளத்திலா என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ரிலீவிங் லெட்டர் வாங்காமல் வராதீர்கள். பழைய பி.எஃப். தொகையை எடுக்க வேண்டாம்; மொத்தச் சேவை ஐந்தாண்டு ஆகுமுன் எடுத்தால் வரி உண்டு. புதிய இடத்தில் பி.எஃப். இருந்தால் அதே யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர்) எண்ணுக்கு மாற்றுங்கள். விலகிய தேதியைப் பழைய நிறுவனம் பதியாமல் விட்டால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து பி.எஃப். அமைப்பான இ.பி.எஃப்.ஓ.வின் தளத்தில் நீங்களே பதிந்துகொள்ளலாம்.