தங்கத் துகள் சென்சார்: நிறம் மாறியதும் துள்ளிக் குதிக்காதீர்கள்

போன மாதம் ஓர் எம்.எஸ்ஸி மாணவி கையில் சின்னக் கண்ணாடிக் குப்பியோடு ஓடிவந்தாள். "மேம், எங்க ஹாஸ்டல் போர் தண்ணியில மெர்க்குரி இருக்கு!" மெர்க்குரி பட்டால் நீலமாகும் என்று தயாரித்த, மாதுளைச் சாறு மாதிரி இருந்த தங்க நானோ கரைசலில் போர்வெல் தண்ணீரைக் கலந்ததும் ஊதாவாகி, ஒரு நிமிஷத்தில் நீலமாகிவிட்டதாம். வார்டனிடம் சொல்லிவிடலாமா என்று வேறு கேட்டாள்.

மேசை டிராயரில் கொய்யாவுக்கென்று வைத்திருந்த உப்புப் பொட்டலத்தை எடுத்தேன். இன்னொரு குப்பிச் சிவப்புக் கரைசலில் ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்கினேன். அதுவும் நீலம்.

"உப்புலயும் மெர்க்குரி இருக்கா மேம்?"

திட்ட மனம் வரவில்லை. இதே தவறை ஏழு மாதம் விடாமல் செய்தவள் நான். ஆண்டுதோறும் புதிதாக வருகிறவர்களும் அதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன். குப்பிக்கு லேபிள் ஒட்டு, கையுறை போடு, பைப்பெட் முனையை மாற்று என்பதெல்லாம் இதில் இருக்காது. அவை தெரியாதவர்கள் தங்கத்தைத் தொடவே வேண்டாம்.

முதலில், அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது

சுமார் 13 நானோமீட்டர் விட்டமுள்ள தங்கத் துகள்கள் தண்ணீரில் தனித்தனியாக மிதக்கும்போது 520 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய பச்சை ஒளியை விழுங்குகின்றன. அதனால் நம் கண்ணுக்குச் சிவப்பு. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூட்டமாகிவிட்டால் விழுங்கும் அலைநீளம் சிவப்புப் பக்கம் நகர்ந்துவிடும். கரைசல் நீலமாகத் தெரியும். துகள்களை ஒட்டவிடாமல் வைத்திருப்பது மேலே படிந்திருக்கும் சிட்ரேட்டின் எதிர்மின்சுமை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். உப்பு போட்டால் அந்தத் தள்ளுவிசை மறைக்கப்படும். அவ்வளவுதான், ஒட்டிக்கொள்ளும்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. சிவப்புத் தங்கக் கரைசலில் உப்பு சேர்த்தால் நீலமாகும் என்று 1857-லேயே மைக்கேல் ஃபாரடே எழுதி வைத்துவிட்டார். துகள் செய்ய நாம் இன்று பின்பற்றும், தங்க உப்பைச் சிட்ரேட்டோடு கொதிக்கவைக்கும் முறையை 1951-இல் டர்கெவிச் என்ற வேதியியலாளரின் குழு விரிவாக ஆராய்ந்தது. ஃபாரடே சொன்னதை மறுபடி கண்டுபிடிக்கத்தான் எனக்கு ஏழு மாதம் ஆனது.

கண்ணாடிப் பாத்திரத்தை சோப்பு போட்டுக் கழுவினால் போதும் என்று நினைப்பது

போதாது. முந்தைய தயாரிப்பின் தங்கம் குடுவைச் சுவரில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும். புதிய துகள்கள் அதைச் சுற்றி வளரும். அளவு சீராக வராது, சிவப்புக்குப் பதில் மங்கிய ஊதா வரும். மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒரு பங்கு நைட்ரிக் அமிலமும் கலந்த இராஜ திராவகத்தால் கழுவி, பிறகு தூய நீரில் பலமுறை அலச வேண்டும். காந்தக் கலக்கியில் போடும் துண்டையும் மறக்காதீர்கள். எங்கள் ஆய்வகத்தில் மூன்று வாரம் வந்த "மர்மமான ஊதா"வுக்குக் காரணம் அந்த வெள்ளைத் துண்டுதான். குடுவையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியவர் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

திராவகத்தை அப்போதைக்கு அப்போது, ஃப்யூம் ஹுட்டுக்குள் (நச்சுப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் அடைப்பு) கலக்குங்கள். மிச்சத்தை பாட்டிலில் ஊற்றி மூடியை இறுக்கி வைக்காதீர்கள். வாயு வந்துகொண்டே இருக்கும், பாட்டில் வெடிக்கும்.

தங்க உப்பை எஃகு ஸ்பேச்சுலாவால் அள்ளுவது

ஸ்பேச்சுலாவில் தங்க முலாம் பூசிக் கிடைக்கும். உங்கள் கணக்கு கெடும்.

தயாரித்த கரைசலை ஃப்ரீசரில் வைப்பது

உறைந்தால் கறுத்துவிடும். உருக்கினாலும் சிவப்பு திரும்பாது. 4 டிகிரியில், இருட்டில்.

தூய நீரில் சோதித்துவிட்டு 'சென்சார் ரெடி' என்று சொல்வது

என்னை இன்னும் எரிச்சலூட்டுவது இதுதான். செலவும் இதில்தான்.

நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது எடுத்த தலைப்பு தண்ணீரில் மெர்க்குரி. கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையைப் பற்றிப் படித்துவிட்டு, ஊருக்கு உபயோகமாக ஏதாவது செய்யலாம் என்ற வேகம். தங்கத் துகளைச் சுற்றி, ஒரு முனையில் கந்தகமும் மறுமுனையில் கார்பாக்ஸில் தொகுதியும் உள்ள மூலக்கூறை ஒட்டவைத்தேன். கந்தகம் தங்கத்தை இறுகப் பிடிக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கார்பாக்ஸில் கைகள் மெர்க்குரி அயனியைப் பிடிக்கும். ஒரே அயனியை இரண்டு துகள் பிடித்தால் துகள்கள் நெருங்கும், நிறம் மாறும். காகிதத்தில் அருமையான திட்டம்.

தூய நீரில் பிரமாதமாக வேலை செய்தது. 18.2 மெகா ஓம் என்று குறிக்கப்படும் மிகத் தூய தண்ணீரில் மெர்க்குரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் கோடு நேராக ஏறியது. அடுத்து, எந்த அயனிக்குச் சென்சார் எவ்வளவு நிறம் மாறுகிறது என்று காட்ட எல்லாரும் போடும் அந்தப் பட்டை வரைபடம். பன்னிரண்டு உலோக அயனிகள், ஒவ்வொன்றும் 10 மைக்ரோமோலார். மெர்க்குரிப் பட்டை மட்டும் கோபுரம் மாதிரி நின்றது, மற்றதெல்லாம் தரையோடு தரை. கைடு தோளில் தட்டினார். ஒரு கருத்தரங்கில் போஸ்டரும் மாட்டினேன்.

அங்கே ஒரு பெரியவர் வந்தார். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்தப் பட்டைகளையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கால்சியம் எவ்வளவும்மா போட்டிருக்கீங்க?"

"பத்து மைக்ரோமோலார் சார்."

"எனக்கு அந்தக் கணக்கு வராது. எங்க ஊர் போர்ல ஹார்ட்னஸ் முந்நூறு. அது உங்க கணக்குல எவ்வளவு?"

ஹார்ட்னஸ் என்பது தண்ணீரின் கடினத்தன்மை. முந்நூறு என்றால் கால்சியம் கார்பனேட்டாக லிட்டருக்கு 300 மில்லிகிராம். மூலக்கூறு எடை 100. ஆக 3 மில்லிமோலார், அதாவது 3,000 மைக்ரோமோலார். நான் சோதித்ததைப் போல 300 மடங்கு. அந்த வகுத்தலை அவர் முன்னாலேயே போஸ்டர் ஓரத்தில் பென்சிலால் போட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. "நல்லா பண்ணுங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த போஸ்டருக்குப் போய்விட்டார்.

திரும்பி வந்ததும் முதல் வேலையாக 3 மில்லிமோலார் கால்சியம் கரைசலை, மெர்க்குரி ஒரு துளியும் இல்லாமல், என் சென்சாரில் கலந்தேன். நீலம். கார்பாக்ஸில் கைகளுக்குக் கால்சியமும் பிடித்தமானதுதான். அளவு கூடினால் போதும். அது போக, இரட்டை மின்சுமை கொண்ட அயனி, ஒற்றை மின்சுமை கொண்ட சோடியத்தைவிட மிகக் குறைந்த அளவிலேயே கூழ்மத்தைத் திரளவைக்கும். பரீட்சைக்காக மனப்பாடம் செய்த ஹார்டி–ஷுல்ஸ் விதி. இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதியதை மேசையில் பயன்படுத்த வேண்டும் என்று தோன்றவே இல்லை.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். குடிநீரில் மெர்க்குரிக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். அது ஏறக்குறைய 5 நானோமோலார் (மில்லிமோலாரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் நானோமோலார்). அந்தப் பெரியவர் ஊர்த் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்து 3 மில்லிமோலார். அதாவது வரம்பில் நிற்கும் ஒரு மெர்க்குரி அயனிக்குப் பக்கத்தில் ஆறு லட்சம் கடினநீர் அயனிகள். எல்லா அயனியையும் சம அளவில் போட்டு வரையும் பட்டை வரைபடம் இந்தக் கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாது. ஆனாலும் இன்றைக்கும் அப்படித்தான் போட்டுக்கொண்டிருக்கிறோம், கட்டுரையை மதிப்பாய்வு செய்கிறவர்களும் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் ஒட்டுப்போடும் படலம் ஆரம்பித்தது. உலோக அயனிகளைக் கவ்விக்கொள்ளும் ஈடிடிஏ என்ற வேதிப்பொருளைப் போட்டால் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளுமே என்றார்கள். போட்டேன். கால்சியம் அடங்கியது, மெர்க்குரியும் காணாமல் போனது. ஈடிடிஏ கால்சியத்தைவிட மெர்க்குரியைப் பல மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும். சரி, தண்ணீரை 100 மடங்கு நீர்க்கவைக்கலாம் என்றார் ஒருவர். கால்சியத் தொல்லை தீர்ந்தது. ஆனால் 5 நானோமோலார் மெர்க்குரியும் 0.05 ஆகிவிடும். என் சென்சாருக்குத் தெரிந்த குறைந்தபட்ச அளவோ 100 நானோமோலார். நீர்க்கவைக்காமலேயே வரம்புக்கு இருபது மடங்கு மேலே நிற்கும் கருவியை வைத்துக்கொண்டு நூறு மடங்கு நீர்க்கவைப்பதைப் பற்றி நாங்கள் ஒரு வாரம் தீவிரமாக விவாதித்தோம்.

"குழாய்த் தண்ணீரிலும் சோதிக்கப்பட்டது, மீட்பு 98 சதவீதம்" (சேர்த்ததில் 98 சதவீதத்தைச் சென்சார் திரும்ப அளந்தது) என்ற வரியை ஓர் ஆய்வுக் கட்டுரையில் பார்த்தால் இப்போதெல்லாம் நான் நேராகச் செய்முறைப் பகுதிக்குப் போய், எத்தனை மடங்கு நீர்க்கவைத்தார்கள், எவ்வளவு மெர்க்குரியை வெளியிலிருந்து சேர்த்தார்கள் என்று தேடுவேன். வரம்பைப் போல ஆயிரம் மடங்கு சேர்த்துவிட்டு "மீட்டெடுத்தோம்" என்றால் என்ன அர்த்தம்?

என்னிடம் வருகிறவர்களுக்கு முதல் நாளே ஒரு வேலை வைக்கிறேன். கிடைப்பதிலேயே மோசமான தண்ணீரைக் கொண்டு வா. அதன் கடினத்தன்மை, உப்பளவு, பி.எச் மூன்றையும் அளந்து எழுது. மெர்க்குரி சேர்க்காமல் அந்தத் தண்ணீரைச் சென்சாரில் கலந்து பார். நீலமானால் அன்றைக்கே தெரிந்துவிடும், ஏழு மாதம் மிச்சம். சிவப்பாகவே நின்றால், அதே தண்ணீரில் மெர்க்குரியைப் படிப்படியாகச் சேர்த்துக் கோடு வரை. தூய நீரில் வரைந்த கோட்டை வைத்து போர்வெல் தண்ணீரை அளக்காதே. பட்டை வரைபடத்தில் ஒவ்வொரு அயனியும் அதன் இயல்பான அளவில் இருக்கட்டும்: கால்சியம் மில்லிமோலாரில், மெர்க்குரி நானோமோலாரில். படம் அசிங்கமாக வரும், பரவாயில்லை.

இன்னொன்று. தங்கத் துகளை வைத்துச் சந்தையில் ஜெயித்த கருவி நம் எல்லார் வீட்டுக்கும் வந்துபோயிருக்கிறது: கோவிட் காலத்து விரைவுச் சோதனைப் பட்டை. அதில் தெரியும் சிவப்புக் கோடு பல பட்டைகளில் தங்கத் துகள்தான். அங்கே நிறம் மாறுவதில்லை, கவனித்தீர்களா? ஆன்டிபாடி போர்த்திய துகள் எந்தக் கோட்டில் வந்து நிற்கிறது என்பதுதான் பதில். திரள்வதை நம்பிய நம் குப்பிகள் ஆய்வகத்தைத் தாண்டாததற்கும், அந்தப் பட்டை மருந்துக்கடை வரை போனதற்கும் இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம்.

பாலில் நிறம் மாறவில்லை, அதனால் பால் சுத்தம் என்பது

இது தலைகீழ்த் தவறு. சீனாவில் 2008-இல், புரத அளவைக் கூட்டிக் காட்டப் பால்பவுடரில் மெலமைன் என்ற வேதிப்பொருளைக் கலந்த விவகாரம் வெடித்த பிறகு தங்கத் துகளால் மெலமைன் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சிகள் குவிந்தன. பாலில் உள்ள புரதம் துகள் மேல் போர்வையாகப் படிந்துவிடும். அதன் பிறகு உப்பைக் கொட்டினாலும் துகள் அசையாது. புரதத்தை அமிலம் ஊற்றித் திரித்து எடுத்தால், மிஞ்சும் அமிலமே சிட்ரேட்டின் மின்சுமையைக் குறைத்து நீலமாக்கிவிடும். எனவே இரண்டு பக்கமும் கன்ட்ரோல் வையுங்கள்: மெலமைன் சேர்த்த பால் நீலமாகிறதா, சேர்க்காத பால் சிவப்பாக நிற்கிறதா.

ஒரே குவெட்டைப் பத்து முறை படித்து எல்.ஓ.டி. கணக்கிடுவது

எல்.ஓ.டி. என்பது சென்சார் கண்டறியக்கூடிய மிகக் குறைந்த அளவு. அதற்கு, அளவீடுகளின் சிதறலான சிக்மாவை மூன்றால் பெருக்கிக் கோட்டின் சரிவால் வகுக்கிறோம். அந்த சிக்மா எங்கிருந்து வந்தது? ஒரே குவெட்டை (கருவிக்குள் மாதிரியை வைக்கும் சிறு குப்பி) எடுக்காமல் பத்து முறை பட்டனைத் தட்டினால் வருவது கருவியின் நடுக்கம் மட்டும். தனித்தனியாகக் கலந்த பத்து பிளாங்க் (தேடும் பொருள் சேர்க்காத மாதிரி) வேண்டும். எல்.ஓ.டி. மோசமாகும். அதுதான் உண்மையான எண்.

டியூப்லைட் வெளிச்சத்தில் நிறம் பார்ப்பது

கண்ணை நம்பாதீர்கள். 650 நானோமீட்டருக்கும் 520 நானோமீட்டருக்கும் உள்ள ஒளி உறிஞ்சல் விகிதத்தைக் குறியுங்கள்.

ஒரு பேட்ச் துகளில் அளவீட்டுக் கோடு, இன்னொரு பேட்சில் மாதிரி

வேண்டாம்.

மெர்க்குரிக் குப்பிகளை சிங்க்கில் கொட்டுவது

தண்ணீரில் மெர்க்குரி தேடுகிறவர்களே தண்ணீரில் மெர்க்குரி ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். தனி கேன், தனி லேபிள்.

அந்த மாணவி ஹாஸ்டல் தண்ணீரின் கடினத்தன்மையை அளந்துவிட்டாள், 480. மெர்க்குரி சேர்க்காத பிளாங்க்கும் போட்டுப் பார்த்தாள், நீலம்தான். நேற்று சாயங்காலம் வந்து, "அப்போ இதையே ஹார்ட்னஸ் சென்சார்னு எழுதிடலாமா மேம்?" என்று கேட்டாள். ஒரு பியூரெட்டும் ஈடிடிஏ-வும் இருந்தால் பத்து நிமிஷத்தில் முடிகிற வேலைக்கு எதற்குத் தங்கம் என்றேன். அவள் விடுவதாக இல்லை. பியூரெட் இல்லாத வீட்டில் என்ன செய்வது என்கிறாள்.