மாநிலத்துக்காக மேல்முறையீட்டில் வாதாடும்போது சறுக்கும் இடங்கள்

மாநில அரசின் சார்பில் உச்ச நீதிமன்றத்தில் நிற்க வரும் இளம் வழக்கறிஞர்கள் பலர் எந்தப் பொருளில் மத்திய அரசு சட்டம் இயற்றலாம், எதில் மாநிலம் இயற்றலாம் என்று பிரித்துச் சொல்லும் அரசமைப்பின் ஏழாவது அட்டவணையைக் கரைத்துக் குடித்துவிட்டு வருகிறார்கள். துறைக் கோப்பை மட்டும் கடைசியாகத்தான் புரட்டுகிறார்கள். முதல் சறுக்கல் அங்கேதான்.

வன்னியர் உள் ஒதுக்கீட்டு வழக்கைப் பாருங்கள். 10.5 விழுக்காடு தந்த சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 நவம்பரில் ரத்து செய்தது. மேல்முறையீட்டில், இப்படியொரு சட்டத்தை இயற்ற மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 மார்ச் 31 அன்று ஏற்றுக்கொண்டது. அரசமைப்புக் கேள்வியில் அரசு வென்றது, சட்டமோ பிழைக்கவில்லை. ஒரு பிரிவை மட்டும் தனியே பிரித்தெடுக்க அண்மைக்காலத் தரவு இல்லை, மக்கள்தொகையை மட்டும் காட்டினால் போதாது என்பது தீர்ப்பு. சட்டம் இயற்றியபோது திரட்டாத தரவை எந்த மூத்த வழக்கறிஞராலும் வாய்ச்சொல்லால் வரவழைக்க முடியாது.

மத்திய, மாநில அரசுகள் இரண்டுமே சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியல் வழக்குகளிலும் இதே கதைதான். மத்தியச் சட்டத்தோடு முரண்படும் மாநிலச் சட்டத்தை, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் இருந்தால், அரசமைப்பின் 254(2) பிரிவு காப்பாற்றும் என்று நம்பி, பதில் மனுவில் ‘குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெறப்பட்டுள்ளது’ என ஒற்றை வரி எழுதிவிடுவார்கள். எந்த மத்தியச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி ஒப்புதல் கேட்டீர்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. கைசர்-இ-ஹிந்த் வழக்கில் (2002) பம்பாய் வாடகைச் சட்டத்துக்கு ஒப்புதல் இருந்தது. ஆனால் ஒப்புதல் கோரியபோது 1971ஆம் ஆண்டின் பொது வளாகங்கள் சட்டத்தைக் குறிப்பிடவில்லை. அதனால் அந்தச் சட்டத்துக்கு எதிராக ஒப்புதல் கைகொடுக்கவில்லை. மசோதாவுடன் ஒன்றிய உள்துறைக்குப் போன கடிதத்தின் நகலை வாங்கிப் படிக்காமல் இந்த வாதத்தைத் தொடவே கூடாது.

தாமதத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய அனுமதி கேட்கும் சிறப்பு அனுமதி மனுவுக்குப் பொதுவாக 90 நாள் அவகாசம். கோப்பு மேசை மேசையாக நகர்ந்தது என்ற விளக்கம் இப்போது எடுபடுவதில்லை. 2020இல் மத்தியப் பிரதேச அரசு 663 நாள் தாமதத்தோடு வந்தபோது, உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளியதோடு 25,000 ரூபாய் செலவுத்தொகையும் விதித்தது. உச்ச நீதிமன்றமே தள்ளுபடி செய்துவிட்டது என்று சொல்லித் துறை தப்பித்துக்கொள்வதற்காகவே போடப்படும் மனுக்களுக்கு ‘சான்றிதழ் வழக்குகள்’ என்றே பெயர் சூட்டியது. சுருக்கென்று தைக்கும் பெயர், ஆனால் பொருத்தமானது.

பாதகமான பழைய தீர்ப்பைச் சுற்றி வளைத்துப் போக நினைப்பது இன்னொரு தவறு. கனிமம் வெட்டி எடுப்பதற்காகச் செலுத்தும் உரிமத்தொகை (ராயல்டி) ஒரு வரி என்று 1989இல் இந்தியா சிமென்ட்ஸ் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு சொன்னது. தோற்றது தமிழ்நாடு. தீர்ப்பின் அந்த வாக்கியத்தில் எழுத்துப்பிழை நேர்ந்துவிட்டது, உரிமத்தொகை மீதான மேல்வரிதான் வரி என்றிருக்க வேண்டும் என 2004இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு கூறியது. சிறிய அமர்வு பெரிய அமர்வைத் திருத்த முடியுமா? குழப்பம்தான் கூடியது. ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2024 ஜூலை 25 அன்று 8-க்கு 1 என்ற கணக்கில், உரிமத்தொகை வரியல்ல என்று சொல்லி 1989ஆம் ஆண்டுத் தீர்ப்பை நீக்கிய பிறகே அது தீர்ந்தது. அப்போதும் 2005 ஏப்ரல் 1க்கு முந்தைய காலத்துக்கு மாநிலங்கள் வரி கேட்க முடியாமல் போனது. தடையாக நிற்பது ஏழு பேர் தீர்ப்பென்றால், பெரிய அமர்வுக்கு அனுப்பும்படி முதல் மனுவிலேயே வெளிப்படையாகக் கேட்பதே நல்லது.

கடைசியாக, வாய் தவறிக் கொடுக்கும் ஒப்புதல். ‘இந்த அரசாணையை அரசு வலியுறுத்தப்போவதில்லை, அப்படித்தானே?’ என்று நீதிபதி இயல்பாகக் கேட்பார். தலையசைத்தால் அன்று மாலையே அது உத்தரவில் ஏறிவிடும். சட்டக் கேள்வியில் தவறாக ஒப்புக்கொண்டது அரசைக் கட்டுப்படுத்தாது என்று பிறகு வாதிடலாம். உண்மை விவரத்தில் அந்த வசதி எளிதில் கிடைக்காது. செயலாளரிடமிருந்து எழுத்துப்பூர்வ அறிவுறுத்தல் கையில் இல்லாவிட்டால், கேட்டுச் சொல்ல ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். பெரும்பாலும் கொடுப்பார்கள்.