குழந்தை பட்டன் பேட்டரியை முழுங்கிட்டா என்ன பண்ணணும்

என் தங்கச்சி பையன் ரெண்டு வயசுல ரிமோட்ல போடுற, காசு மாதிரி தட்டையா இருக்குற பட்டன் பேட்டரியை முழுங்கிட்டான், வீட்டுல பதறிப்போய் மொதல்ல பண்ணது ரெண்டு வாழைப்பழத்தை ஊட்டுனதுதான், வழுக்கிட்டு கீழ போயிடும்னு. தயவுசெஞ்சு அதை பண்ணாதீங்க. வயித்துல சாப்பாடு இருந்தா மயக்க மருந்து குடுக்கும்போது அது மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிடலாம். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கிறதும் வேணாம். மூச்சு விட முடியாம, அழக்கூட சத்தம் வராம திணறுனா அது வேற விஷயம், உடனே 108 கூப்பிடுங்க.

என்னத்தை முழுங்குச்சுன்னு பாருங்க, அதே மாதிரி இன்னொன்னு இருந்தா கையோட எடுத்துட்டு போங்க. பேட்டரில சிஆர்2032னு போட்டிருந்தா 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன்னு அர்த்தம், சின்னக் குழந்தையோட உணவுக்குழாய்ல அப்படியே மாட்டிக்கிற சைஸ். அது ஒழுகணும்னு கூட இல்ல, ஈரமான சதையில பட்டதும் கரண்ட் ஓடி சதையை அரிக்கிற காரம் (ஆல்கலி) உருவாகி 2 மணி நேரத்துக்குள்ளயே புண்ணாக்க ஆரம்பிச்சிடும். தீர்ந்துபோன பேட்டரியும் புண்ணாக்கும்.

முழுங்குனது பேட்டரின்னா, குழந்தைக்கு 1 வயசு தாண்டியிருந்து, முழுங்கி 12 மணி நேரத்துக்குள்ளன்னா, எச்சில் விழுங்க முடியுதுன்னா, போற வழியிலயே 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை 2 டீஸ்பூன் தேன் மட்டும் குடுக்கலாம், அதிகபட்சம் 6 தடவை. தேன் தேடிக்கிட்டு நிக்காதீங்க, கைல இல்லன்னா கிளம்பிடுங்க. 1 வயசுக்கு கீழ தேனே கூடாது.

எண்டோஸ்கோப்பி (வாய் வழியா கேமரா குழாய் விட்டு பாக்குறது) வசதியும் குழந்தைங்களுக்கு மயக்கம் குடுக்குற டாக்டரும் இருக்குற ஆஸ்பத்திரிக்கே நேரா போங்க. எக்ஸ்ரேல காசு ஒரே வெள்ளை வட்டமா தெரியும், பேட்டரி ஓரத்துல ரெட்டை வளையம் தெரியும், டாக்டர்கிட்ட "இது காசா பேட்டரியா"ன்னு வாய்விட்டு கேளுங்க, அதுலதான் எல்லாமே இருக்கு. உணவுக்குழாய்ல மாட்டுன பேட்டரின்னா வயிறு காலியாகட்டும்னு காத்திருக்க மாட்டாங்க. காசுன்னா, குழந்தை எச்சில் ஒழுகாம நல்லா இருந்தா, சில மணி நேரம் பொறுத்து பாப்பாங்க, வயித்துக்குள்ள இறங்கிட்டா பெரும்பாலும் மலத்தோட வந்துடும். காந்தம் ரெண்டு முழுங்குனா குடலுக்கு நடுவுல ஒண்ணையொண்ணு இழுத்து ஓட்டை போட்டுடலாம், அதுவும் அவசரம்தான்.

உணவுக்குழாய்ல மாட்டுனதை எடுக்குறதுக்கு பெரும்பாலும் அறுக்க மாட்டாங்க. முழு மயக்கம் குடுத்து, மூச்சுக்குழாய்ல ட்யூப் போட்டு, வாய் வழியா கேமரா வச்ச குழாயை இறக்கி சின்ன இடுக்கியாலயோ வலையாலயோ பிடிச்சு வெளிய இழுப்பாங்க. புண் எவ்வளவு ஆழம்னு அப்பவே பாத்துடுவாங்க.

பேட்டரி வெளிய வந்துடுச்சுன்னு நிம்மதியா விட்டுடாதீங்க, நான் பாத்த வரைக்கும் எல்லாரும் தவறவிடுறது இங்கதான். அந்தப் புண் அப்புறமும் நாள் கணக்கா, வாரக் கணக்கா ஆழமாகலாம், பக்கத்துல இருக்குற பெரிய ரத்தக்குழாய் வரைக்கும் கூட போகலாம். வாந்தியில துளி ரத்தம் வந்தாலும், மலம் கறுப்பா போனாலும், காய்ச்சல், விழுங்குறப்ப அழுகைன்னு இருந்தாலும் நடுராத்திரின்னாலும் அதே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.