பெயர் மாற்றம் அரசிதழில் வந்தாச்சு, அடுத்து எந்த அட்டை?

நீலகிரியில் பெயர்த் தகராறு பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் வரும். பெள்ளி என்ற ஒரே பெயர் பள்ளிச் சான்றிதழில் 'ஐ' என்று முடியும், எஸ்டேட் பதிவேட்டில் 'ஐ, ஈ', வங்கிப் புத்தகத்தில் 'ஒய்'. ஆகவே அரசிதழை வெளியிடும் சென்னையிலுள்ள எழுதுபொருள், அச்சுத் துறைக்கு விண்ணப்பம் அனுப்பும் முன்பே புதிய பெயரை எழுத்தெழுத்தாக முடிவு செய்யுங்கள். இனிஷியலின் விரிவையும் சேர்த்துத்தான். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்தே எழுத வேண்டும். வருமான வரிக்கான பான் அட்டையிலும் கடைசிப் பெயர் ஒற்றை எழுத்தாக இருக்கக் கூடாது. அறிவிப்பை ஆங்கிலத்தில் கொடுப்பதே எங்கள் சிபாரிசு. பின்னால் எல்லா இடத்திலும் அந்த எழுத்தைத்தான் ஒப்பிடுவார்கள்.

அரசிதழ் கைக்கு வந்ததும் முதலில் ஆதார். முழுப் பெயரும் மாறினால் அரசிதழோடு பழைய பெயருள்ள புகைப்பட அடையாள அட்டை ஒன்றும் கேட்பார்கள். இங்கேதான் பலர் சிக்குகிறார்கள்: வாக்காளர் அட்டையையும் ஓட்டுநர் உரிமத்தையும் அவசரமாக முதலில் மாற்றிவிட்டால் காட்டுவதற்குப் பழைய பெயரில் எதுவும் மிஞ்சாது. ஆதாரில் பெயரை 2 முறைதான் சாதாரணமாக மாற்ற முடியும். ஒப்புகைச் சீட்டில் எழுத்தைச் சரிபார்த்த பிறகே மையத்தை விட்டு எழுந்திருங்கள்.

ஆதாரில் ஏறியதை இணையத்தில் பார்த்துவிட்டு பானுக்குப் போங்கள். திருத்த விண்ணப்பம்தான் போட வேண்டும், எண் மாறாது. புதிதாக இன்னொரு பான் வாங்கினால் 10,000 ரூபாய் அபராதம் விழலாம். அடுத்தது வங்கி. வாக்காளர் அட்டைக்குப் படிவம் 8, ரேஷன் அட்டைக்கு வட்ட வழங்கல் அலுவலகம். பாஸ்போர்ட்டில் திருத்தம் கிடையாது, மறுவழங்கலுக்கு விண்ணப்பித்துப் புதுப் புத்தகமே வாங்க வேண்டும். நீலகிரிக்குக் கோவை மண்டல அலுவலகம்.

தோட்டத் தொழிலாளர்கள் பி.எஃப். பதிவை ஒத்திப்போடவே கூடாது. யு.ஏ.என். என்ற பி.எஃப். எண்ணில் உள்ள பெயரும் ஆதார் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் ஓய்வு பெறும் நேரத்தில் பணம் நின்றுவிடும். எஸ்டேட் ஆபீஸ் ஒப்புதலோடு கூட்டு உறுதிமொழி கொடுக்க வேண்டியிருக்கலாம். வேலையில் இருக்கும்போதே இதை முடிப்பது சுலபம், நிர்வாகம் கைமாறிவிட்டால் கையெழுத்துக்கு அலைய நேரிடும். நாமினி படிவத்தையும் அன்றே பாருங்கள். பச்சைத் தேயிலை கொடுப்பவர்கள் ஃபேக்டரிக் கணக்கிலும் வங்கியிலுள்ள பெயரையே எழுதச் சொல்லுங்கள்.

நிலப் பத்திரத்தைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. விற்கும்போது பழைய பெயரையும் புதுப் பெயரையும் சேர்த்தெழுதி அரசிதழை இணைத்தால் போதும். பட்டாவுக்குத் தாலுகா அலுவலகத்தில் மனு கொடுங்கள். பழைய பள்ளிச் சான்றிதழோடு அரசிதழ் நகல் ஒன்றை எப்போதும் சேர்த்தே வையுங்கள்.