95 சதவீதம் தருகிறார்கள் என்று கொம்பனி மாறுவதற்கு முன்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மார்க்கமில் ஓப்பின் ஹவுஸ் (விற்கும் வீட்டை யாரும் வந்து பார்க்கும் நேரம்) வைத்திருந்தேன். இரண்டு மணித்தியாலத்தில் வந்தது மூன்று பேர், அதில் ஒருவர் பக்கத்து வீட்டுக்காரர். சும்மா இருந்த நேரத்தில் ஒரு தம்பி தொலைபேசி எடுத்தார். றியல் எஸ்டேட்டுக்கு வந்து நாலு வருஷம். கொமிஷனில் கொம்பனி எடுத்தது போக முகவருக்கு வரும் பங்கு, நாங்கள் ஸ்பிளிற் என்பது, அதுதான் கதை.

"அக்கா, அங்கை 95 வீதம் தாறாங்களாம். இஞ்சை எனக்கு 80தான். மாறட்டே?"

"போன வருஷம் எத்தனை டீல் முடிச்சனீர்?"

"எட்டு வரும்."

"அதிலை ஒஃபிஸ் தந்தது எத்தனை?"

அதற்கு அவரிடம் பதில் இல்லை. எட்டையும் தானே பிடித்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

நான் 2009இல் இருந்து ஒன்ராறியோவில் வீடு விற்கிறேன். இரண்டு தரம் கொம்பனி மாறினேன். முதல் மாற்றம் பிழை, இரண்டாவது சரி. தம்பிக்கு அன்றைக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ரொறன்ரோ பக்கத்து முகவர்களுக்கான கதை இது. வேறு மாகாணம் என்றால் சட்டம் வேறு.

முதலில், மாற வேண்டும் என்ற எண்ணம் எப்போது வந்தது என்று பாருங்கள். ரொறன்ரோ போர்டின் (முகவர்கள் சேர்ந்திருக்கும் சங்கம்) பகுதியில் 2021இல் 120,000க்கு மேல் வீடுகள் கைமாறின. 2022 மார்ச்சில் இருந்து மத்திய வங்கி வட்டியை ஏற்றத் தொடங்கியது; 2023 ஜூலையில் அது 5 சதவீதத்தில் போய் நின்றது. 2024இல் விற்பனை 70,000க்கும் கீழே. அப்போது போர்டில் இருந்த முகவர்களோ 70,000க்கு மேல். ஒரு விற்பனைக்கு வாங்குபவர் பக்கம், விற்பவர் பக்கம் என்று இரண்டு பேருக்கு வேலை உண்டுதான், என்றாலும் எல்லாருக்கும் பங்கு போதாது. இந்த நிலைமையில் வியாபாரம் படுத்தால் அது கொம்பனியின் குற்றமாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் ஒஃபிஸில் உங்களுடன் சேர்ந்தவர்கள் இப்போதும் விற்கிறார்களா என்று பாருங்கள். அவர்கள் விற்கிறார்கள், நீங்கள் இல்லை என்றால் கதவில் உள்ள பெயரை மாற்றி ஒன்றும் ஆகாது. அவர்களும் ஒருவர் பின் ஒருவராகக் கிளம்புகிறார்கள் என்றால் ஏன் என்று விசாரியுங்கள்.

அடுத்தது கணக்கு. ஸ்பிளிற்றை மட்டும் பார்த்து ஏமாறுவது எங்கள் தொழிலில் சாதாரணம், நானே ஏமாந்திருக்கிறேன். ஒரு தாளும் கடந்த 12 மாத டீல் விபரமும் எடுங்கள். தம்பிக்காக நான் போட்டது இது. வீடு 900,000 டாலர், உங்கள் பக்கத்துக் கொமிஷன் 2.5 சதவீதம், ஆக 22,500. எட்டு டீலுக்கு 180,000. எச்எஸ்ரியை (விற்பனை வரி) இங்கே சேர்க்கவில்லை. அது அரசாங்கத்தின் காசு, உங்களுடையது என்று நினைத்துச் செலவழித்தவர்களை எனக்குத் தெரியும்.

80 சதவீதக் கொம்பனியில் 36,000 அவர்களுக்கு, 144,000 உங்களுக்கு. 95 சதவீதக் கொம்பனியில் 5 சதவீதம் 9,000. மாதம் 200 டாலர் டெஸ்க் ஃபீ என்றால் வருடத்துக்கு 2,400. டீல் ஒன்றுக்கு 350 வீதம் எட்டுக்கு 2,800. மொத்தம் 14,200. வருடம் 21,800 மிச்சம். "பாத்தீங்களே அக்கா" என்றார் தம்பி.

பொறும் என்றேன். அவர் பிறகு தேடிப் பார்த்ததில், எட்டில் இரண்டு ஒஃபிஸ் கொடுத்த ஆட்கள். ஒன்று முன்மேசைக்கு வந்த அழைப்பு, மற்றது மனேஜர் கைகாட்டியது. அந்த இரண்டுக்கும் அவருடைய பங்கு 80 இல்லை, 50. ஆகவே இப்போதைய கொம்பனியில் அவர் உண்மையில் எடுத்தது ஆறு டீலில் 108,000, இரண்டு டீலில் 22,500, மொத்தம் 130,500. புதிய இடத்தில் அந்த இரண்டும் வராது. ஆறு டீல், 135,000. 5 சதவீதம் போக 128,250. டெஸ்க் ஃபீயும் டீல் ஃபீயும் போக 123,750. ஸ்பிளிற் 15 புள்ளி கூடி, கைக்கு வருவது 6,750 குறைகிறது. இதற்கு மேலே படம் பிடிப்பவர், பலகை, பத்திர வேலை பார்க்கும் ஆள் என்று இப்போது ஒஃபிஸ் செய்வதை நீங்களே கட்ட வேண்டி வரலாம்.

உங்கள் கணக்கு வேறு மாதிரி வரும். எட்டும் சொந்த ஆட்கள், ஒஃபிஸ் பக்கமே போவதில்லை என்றால் 95 நல்லதுதான். பெரிய பிரான்சைஸ் பெயர் உள்ள இடம் என்றால் ஸ்பிளிற்றுக்கு முன்பே மேலால் ஒரு பங்கு கழிப்பார்கள், அதையும் கேளுங்கள். வருடத்துக்கு இவ்வளவுக்கு மேல் எடுக்கமாட்டோம் என்று எல்லை போடும் கொம்பனிகளும் உண்டு. அந்த எல்லையை நீங்கள் எந்த மாதத்தில் தொடுவீர்கள் என்பதுதான் கேள்வி, தொடவே மாட்டீர்கள் என்றால் அந்த எல்லை உங்களுக்கானது இல்லை. ஆள் சேர்த்தால் அவருடைய உழைப்பில் உனக்கும் பங்கு என்று கூப்பிடுபவர்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சீட்டுப் பிடித்த அனுபவம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

இனி என் பிழையைச் சொல்கிறேன். 2013இல் நான் மாறியதும் ஸ்பிளிற்றுக்காகத்தான். மூன்றாவது மாதம், மல்வேர்னில் ஒரு வீட்டுக்கு என் வாங்குபவர்கள் ஓஃபர் (இந்த விலைக்கு வாங்குகிறோம் என்ற தாள்) எழுத வந்து குசினி மேசையில் இருக்கிறார்கள். வீட்டை விற்கும் முகவரும் என் புதிய கொம்பனி. ஒரே கொம்பனி இரண்டு பக்கமும் நின்றால் இரண்டு பக்கத்துக்கும் விளங்கப்படுத்தி எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். பழைய இடத்தில் எனக்கு இந்தச் சிக்கல் வந்ததே இல்லை, எந்தப் படிவம் என்றுகூடத் தெரியாது. இரவு ஒன்பது மணி. ஒஃபிஸ் உதவி இலக்கத்துக்கு அடித்தேன், வொய்ஸ் மெயில். புரோக்கர் ஒஃப் ரெக்கோர்ட்டுக்கு (கொம்பனிக்குச் சட்டப்படி பொறுப்பானவர்) அடித்தேன், அதுவும் வொய்ஸ் மெயில். தேத்தண்ணி இரண்டு தரம் ஊற்றினேன். பதினொரு மணிக்கு விற்பவர் வேறு ஓஃபரில் கையெழுத்து வைத்துவிட்டார். அந்தக் குடும்பம் என்னைக் குறை சொல்லவில்லை, ஆனால் வீட்டை வேறு ஒருவரிடம் வாங்கினார்கள்.

அதனால் நான் இப்போது எல்லாருக்கும் சொல்வது: கடைசியாக உங்கள் டீல் ஒன்று ஆட்டம் கண்ட இரவை நினையுங்கள். யாருக்கு அடித்தீர்கள், எடுத்தாரா, சொன்னது சரியாக இருந்ததா? அந்த ஆள் உங்கள் ஒஃபிஸில் இருந்தால் அவருக்கு ஒரு விலை போடுங்கள். வேறு கொம்பனியில் உள்ள சிநேகிதர்தான் உங்களைக் காப்பாற்றினார் என்றால், இப்போது கட்டும் 20 சதவீதம் எதற்கு என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. 2019இல் நான் 95இல் இருந்து 85க்கு மாறினேன். குறைந்த ஸ்பிளிற்றுக்குப் போகும் விசரி என்று சிரித்தார்கள். அங்கே உள்ள புரோக்கர் ஒஃப் ரெக்கோர்ட் ஞாயிற்றுக்கிழமையும் ஓஃபரை வாசித்துவிட்டுத் திருப்பி அடிப்பார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன்.

உடனே கிளம்ப வேண்டிய காரணமும் ஒன்று உண்டு. வீடு குளோஸ் ஆகி, அதாவது கைமாறி முடிந்து, வாரக்கணக்கில் உங்கள் கொமிஷன் வரவில்லை, கேட்டால் சாட்டுச் சொல்கிறார்கள் என்றால் ஸ்பிளிற் கணக்கு எதுவும் போட வேண்டாம். 2025 ஆகஸ்டில் இந்தப் பக்கத்துப் பெரிய கொம்பனி ஒன்று மற்றவர்களின் காசை வைத்திருக்கும் ட்ரஸ்ற் கணக்கில் பல மில்லியன் டாலர் குறைந்து மூடப்பட்டது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட முகவர்கள் ஒரே கிழமையில் இடம் தேடி அலைந்தார்கள்.

சரி, போவதென்று மனம் வந்துவிட்டது. புதிய இடத்தின் தாளைப் பார்ப்பதற்கு முன் பழைய இடத்தில் சேரும்போது கையெழுத்து வைத்த ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள். அநேகமான ஆட்களிடம் அது இருக்காது. ஒஃபிஸில் பிரதி கேட்டால் சந்தேகம் வரும், பரவாயில்லை, கேளுங்கள். அதில் போகிறவர்களுக்கு என்ன விதி என்ற பகுதியை இரண்டு தரம் வாசியுங்கள்.

ஏனென்றால் லிஸ்ரிங், அதாவது வீட்டை விற்றுத்தர எடுத்த ஒப்பந்தம், உங்களுடையது இல்லை. விற்பவர் ஒப்பந்தம் செய்தது கொம்பனியுடன். வாங்குபவர் ஒப்பந்தமும் அப்படித்தான். கொம்பனி விட்டுக்கொடுத்தால் மட்டும் வாடிக்கையாளர் புதிய இடத்துடன் புதிதாகக் கையெழுத்து வைக்கலாம். பெரியம்மாவின் வீடாக இருந்தாலும் இதுதான் சட்டம். ஓஃபர் ஏற்கப்பட்டு இன்னும் குளோஸ் ஆகாத டீல்கள் பழைய கொம்பனியிலேயே நிற்கும். உங்கள் பங்கை அவர்கள்தான் தர வேண்டும், அது பழைய ஸ்பிளிற்றா குறைத்ததா என்பது அந்தத் தாளில் இருக்கும். கட்டி முடியாத கொண்டோ விற்றவர்கள் இதில் மிகவும் கவனம். அந்தக் கொமிஷன் துண்டு துண்டாக, வருடங்கள் கழித்து வரும். என் சிநேகிதி ஒருத்தி 2017இல் விற்ற இரண்டு கொண்டோவின் கடைசிப் பங்கு 2022இல்தான் வந்தது. இடையில் அவள் மாறிவிட்டாள். போனவர்களுக்குப் பாதி என்று தாளில் இருந்தது, பாதிதான் கிடைத்தது.

புதிய இடத்தில் ஆள் பிடிப்பவருடன் கோப்பி குடித்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். அவருடைய வேலை உங்களைச் சேர்ப்பது, அதற்குப் பிறகு அவரைக் காணக் கிடைக்காது. புரோக்கர் ஒஃப் ரெக்கோர்ட்டை நேரில் பாருங்கள். அவர் தானே வீடு விற்கிறாரா, அதாவது உங்களுடன் போட்டி போடுகிறாரா என்று கேளுங்கள். 2023 டிசம்பர் 1இல் புதிய சட்டம் வந்தபிறகு, ஒரே கொம்பனிக்குள் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி முகவரை நியமிக்கும் முறை இருக்கிறது. அவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்களா, அல்லது எல்லாரும் கொம்பனியின் வாடிக்கையாளர் என்ற பழைய முறையா என்று கேளுங்கள். 2013இல் எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்குமா என்பது இதில்தான் தங்கியிருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு அவர்களுடைய உதவி இலக்கத்துக்கு அடித்தும் பாருங்கள். நான் 2019இல் மூன்று கொம்பனிக்கு இப்படி அடித்தேன். ஒன்றில்தான் மனிதர் எடுத்தார்.

பெயர் பெற்ற கொம்பனி என்றால் சனம் வரும் என்ற எண்ணம் எங்கள் ஆட்களிடம் பெரிதாகப் பொருந்தாது. தமிழ்ப் பத்திரிகையை விரித்துப் பாருங்கள், பக்கத்துக்குப் பக்கம் முகம். சனம் கோவிலில் கண்ட ஆளையும், தங்கச்சியின் கலியாணத்துக்கு வந்த ஆளையும்தான் கூப்பிடும். அவர் எந்தக் கொம்பனி என்று கேட்காது. நான் இரண்டு தரம் மாறியும் என் பழைய ஆட்களில் பாதிப்பேருக்கு அது இன்னும் தெரியாது. தமிழருக்கு வெளியே வியாபாரம் செய்பவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு.

மாறும் நாளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே நேரத்தில் ஒரு கொம்பனியில்தான் பதிந்திருக்கலாம். பழைய இடம் உங்களை நீக்கியதாக ரெக்கோவுக்கு (முகவர்களைப் பதியும் ஒன்ராறியோ அமைப்பு) அறிவித்து, புதிய இடத்தின் கீழ் பதிவாகும்வரை வீடு காட்டக்கூட முடியாது. ஓஃபர் கிடப்பில் இருக்கும் கிழமையில் இதைச் செய்யாதீர்கள். மனேஜருக்கு முதலில் நீங்களே நேரில் சொல்லுங்கள், வேறு வாயால் அவர் கேட்கக்கூடாது. விட்டுக்கொடுக்கும் லிஸ்ரிங்குகள் அந்தப் பத்து நிமிடக் கதையில்தான் தீர்மானமாகும். ஒஃபிஸின் வாடிக்கையாளர் பட்டியலை இரவில் இறக்கிக்கொண்டு போக வேண்டாம். உங்கள் கைத்தொலைபேசியில் உள்ளவர்கள் போதும்.

பலகை, விசிற்றிங் கார்ட், பத்திரிகை விளம்பரம் எல்லாவற்றிலும் கொம்பனியின் பெயர் இருக்க வேண்டும் என்பது விதி, ஆகவே எல்லாம் புதிதாக அடிக்க வேண்டும். வருடக் கடைசியில் மாறுபவர்கள் நாள்காட்டிக்கு ஓடர் கொடுக்க முன்பே முடிவெடுங்கள். நான் 2013 டிசம்பரில் சொந்தச் செலவில் ஆயிரம் நாள்காட்டி அடித்து, பிள்ளையார் படமும் என் படமும் பக்கத்தில் பக்கத்தில், ஜனவரி முதல் கிழமையே திரும்ப இன்னொரு இடம் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தரம் மாறவில்லை, ஆறு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். 2019இல் மாறியபோது மிஞ்சியது இரண்டு பெட்டி. பேஸ்மென்றில் இருக்கிறது. பிள்ளையார் படத்தை எறிய அம்மா விடமாட்டார்.